மொராக்கோவுக்கு ட்ரோன் கொண்டு போகாதீர்கள்

ஓய்வு பெற்றவர்களும் இன்னும் பணியில் இருப்பவர்களுமாக, ஒரே பள்ளியில் வேலை பார்த்த நாங்கள் எட்டு ஆசிரியர்கள் கடந்த மே விடுமுறையில் பதினோரு நாள் மொராக்கோவைச் சுற்றிவிட்டு வந்தோம். அந்நாட்டின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது, எங்களிடமிருந்து ஒரு முழு நாளையும் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாயையும் விழுங்கிய இரண்டு காகிதங்களைப் பற்றி. குழுவாகப் போகத் திட்டமிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் அந்தப் பணமாவது மிஞ்சும்.

முதல் காகிதம் என் விசா. மின்னணு விசா என்பதால் தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை, இணையத்தில் விண்ணப்பித்தால் சாதாரணக் கட்டணத்தில் 72 மணி நேரத்தில் வந்துவிடும் என்று எங்கள் பயண முகவர் சொன்னதும் உண்மைதான். ஏழு பேருக்கு அப்படியே வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் வேறு பெயரில் வந்தது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். விண்ணப்பப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காததால், முகவர் அலுவலகத்தில் இருந்த பையன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் கணவரின் பெயரை எடுத்து அதில் நிரப்பிவிட்டிருக்கிறான். விசாவில் இருக்கும் பெண்மணி யார் என்று எனக்கே தெரியவில்லை. "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க மேடம்" என்றார் முகவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. என் ஒற்றைப் பெயரையே இரண்டு கட்டங்களிலும் இட்டு மீண்டும் விண்ணப்பிக்க வைத்தேன். கட்டிய 770 திர்ஹாம் போனது போனதுதான். மறுபடியும் 770, நம் பணத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய், என் கையிலிருந்து போயிற்று.

ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாவில் பெயர் எப்படி வருகிறதோ அப்படியே விமானச் சீட்டிலும் போடச் சொல்லுங்கள். என் சீட்டில் பெயரோடு 'மிஸஸ்' என்பதையும் ஒட்டி ஒரே சொல்லாக அச்சிட்டிருந்ததால், சென்னையில் பயணப் பதிவு முகப்பில் என் ஒருத்திக்காக மற்ற ஏழு பேரும் நாற்பது நிமிடம் ஓரமாக நின்றார்கள். அன்றிலிருந்து எட்டுப் பேரின் காகிதங்களும் ஒரே கோப்பில், என் தோள்பையில் என்று முடிவாயிற்று. பணியில் இருந்த இருவருக்கும் துறை அனுமதி சிக்கலின்றிக் கிடைத்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். அதற்குத்தான் அதிகம் பயந்திருந்தோம்.

காசாபிளாங்காவில் குடியேற்றப் பிரிவைக் கடப்பது கடினமாக இல்லை. அங்கே இடும் முத்திரையோடு உங்களுக்கென்று ஓர் எண்ணும் வரும். ஒவ்வொரு விடுதியிலும் காவல்துறைப் படிவத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள் என்பதால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். வெளியே போகும் வழியில் பெட்டிகளை எல்லாம் ஊடுகதிர்ப் பெட்டிக்குள் அனுப்புகிறார்கள். எங்கள் இயற்பியல் சாரின் பெட்டி மட்டும் வெளியே வந்ததும் ஒரு கை அதை ஓரமாக இழுத்தது. அதிகாரி கேட்டது ஒரே சொல்: "ட்ரோன்?"

அப்படி ஒன்று அவர் கொண்டு வந்திருக்கிறார் என்பதே எங்கள் எவருக்கும் தெரியாது. சகாராவின் மணல்மேட்டில் ஏறி நின்றதும் எடுத்துக் காட்டி எல்லோரையும் வியக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தாராம். மொராக்கோவுக்குள் முன் அனுமதியின்றி ட்ரோன் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் சுங்கத்துறை வாங்கி வைத்துக்கொண்டு, நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரும். இதில் அதிகாரிகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். எட்டுப் பேரிடம் பணம் வாங்கி, குடை கொண்டு வாருங்கள், தொப்பி கொண்டு வாருங்கள் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் கொடுத்த முகவர், எதைக் கொண்டு வரக் கூடாது என்று ஒரு வரி எழுதவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

ட்ரோனுக்குப் பதிலாக ஒரு ரசீது கொடுத்தார்கள். மெல்லிய தாள், பிரெஞ்சு மொழியில் அச்சு, நீலப் பேனாவில் சாய்ந்த கையெழுத்து, மூலையில் பாதி மட்டும் விழுந்த வட்ட முத்திரை. சாரின் பெயர், கடவுச்சீட்டு எண், வந்த தேதி, விமான எண், ட்ரோனின் வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன. கீழே மூன்று வரி சிறிய எழுத்தில் இருந்தது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் காட்டியபோது 'புறப்படும்போது பெற்றுக்கொள்ளலாம்' என்ற பொருள் தெரிந்தது. அதற்கு மேல் படிக்காமல் தாளை மடித்துக் கோப்பில் வைத்தவள் நான்தான். எங்கிருந்து புறப்படும்போது என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் திரும்பும் விமானம் மராக்கெஷிலிருந்து.

ரபாத், ஷெஃப்ஷாவுன், ஃபெஸ் மூன்றும் சொன்னபடி நடந்தன. காசாபிளாங்காவில் 1993-இல் கட்டி முடித்த இரண்டாம் ஹசன் மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்களும் வழிகாட்டியோடு குறிப்பிட்ட நேரங்களில் போகலாம். அந்நாட்டின் மற்றப் பெரும்பாலான மசூதிகளில் அது இல்லை என்பதால் அதைத் தவறவிடாதீர்கள்.

எட்டுப் பேர் குழுவுக்கு அங்கே உள்ள இன்னொரு தொல்லை வாடகைக் கார். நகருக்குள் ஓடும் சின்ன வண்டிகளில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. "நாலாவது ஆள் ஒடுங்கிக்கிறோம்" என்ற நம் ஊர்ப் பேச்சு அங்கே எடுபடாது. ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் போவதென்றாலும் மூன்று வண்டி பிடித்து, மூன்று ஓட்டுநர்களிடமும் மீட்டர் போடச் சொல்லி வாதாடி, மூன்று வெவ்வேறு வாசல்களில் இறங்கி, ஒருவரையொருவர் தேட வேண்டியிருந்தது. கையில் சில்லறை இல்லாவிட்டால் வாதாடியும் பயனில்லை. திர்ஹாம் இந்தியாவில் வாங்கிக்கொண்டு போகும் பணமன்று; அங்கே இறங்கி ஏடிஎம்மில் எடுத்ததும், நூறு திர்ஹாம் தாள்களை முதல் தேநீர்க் கடையிலேயே உடைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெஸ்ஸின் பழைய நகரில் சந்துகள் இரண்டு பேர் தோளுரசும் அகலம்தான். பின்னாலிருந்து "பாலாக்!" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், தோல் மூட்டையோடு கோவேறு கழுதை வருகிறது என்று பொருள். அதே சந்துகளில், இந்தப் பாதை மூடியிருக்கிறது, நான் வேறு வழி காட்டுகிறேன் என்று பையன்கள் கூடவே வருவார்கள். எந்தப் பாதையும் மூடியிருக்கவில்லை. அவர்கள் காட்டும் வழி தோல் பதனிடும் தொட்டிகளுக்கு மேலே உள்ள ஏதோ ஒரு கடையின் மாடியில் போய் முடியும். நாற்றத்துக்குப் புதினாக் கொத்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் தோல் சட்டை காட்டுவார்கள்.

ஃபெஸ்ஸிலிருந்து சகாராவின் ஓரத்து ஊரான மெர்ஸூகாவுக்குப் போகும் நாளை முகவரின் அட்டவணை 'மலைகளினூடே இனிய பயணம்' என்று வருணித்திருந்தது. 450 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அஸ்ரூ அருகே தேவதாரு மரக் காட்டில் குரங்குகளையும், ஸீஸ் பள்ளத்தாக்கில் பேரீச்சந்தோப்புகளையும் பார்த்ததில் முதல் பாதி சுகமாகக் கழிந்தது. பிற்பாதியில் முழங்கால் வலிக்காரர்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அறுபதைக் கடந்தவர்கள் குழுவில் இருந்தால் மிடெல்ட்டில் ஓர் இரவு தங்கும்படி அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களும், மண்சட்டியில் காய்கறி மட்டும் கேட்டால் போதாது, கறி வேகவைத்த சாறு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் கிடைக்கும் ம்ஸெமென் நம் பரோட்டாவுக்குச் சித்தப்பா பிள்ளை. எங்கள் சைவர்கள் மூவரும் அதையும் தேனையும் வைத்தே பாதிப் பயணத்தை ஓட்டினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மணல்மேட்டு உச்சியில் சூரியன் எழுந்தபோது எல்லோரும் கிழக்கே பார்த்தோம். இயற்பியல் சார் மட்டும் தலைக்கு மேலே, தம் ட்ரோன் பறந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மராக்கெஷ் போய்ச் சேர்ந்த இரவு, ரியாத் எனப்படும் முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதியில், ரசீதை எங்கள் ஓட்டுநரிடம் முதன்முறையாகக் காட்டினோம். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, நீங்கள் காசாபிளாங்காவுக்கு அல்லவா போக வேண்டும் என்றார். அடுத்த நாள் மற்ற ஆறு பேரும் ஊர் பார்க்கக் கிளம்ப, சாரும் நானும் காலை ரயிலைப் பிடித்தோம். அந்த ஆறு பேரும் மஜோரெல் தோட்டத்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்கள் என்பது மாலையில் தெரிந்தது. அங்கே நுழைவுச் சீட்டு வாசலில் கிடையாது, நேரம் குறித்து இணையத்தில் முன்னதாகவே வாங்க வேண்டும். ஆக அன்று எட்டுப் பேருக்கும் வீண் அலைச்சல்.

காசாபிளாங்காவுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அங்கே வண்டி மாறி விமான நிலையத்துக்கு இன்னும் முக்கால் மணி. சுங்கப் பிரிவைக் கண்டுபிடிக்கவே மூன்று பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. முகப்பில் இருந்தவர் ரசீதை வாங்கிப் பார்த்தார், கடவுச்சீட்டைக் கேட்டார். சார் நகலை நீட்டினார். அசல், பதிவுக்காக விடுதியில் கொடுத்தது அங்கேயே இருந்தது. சரி, புறப்பாட்டு அட்டை எங்கே என்று கேட்டார். புறப்பாடு நாளை மறுநாள், அதுவும் மராக்கெஷிலிருந்து என்றோம். அவர் கோபப்படவில்லை. தாளை எங்கள் பக்கம் திருப்பி, நான் படிக்காமல் மடித்த மூன்று வரிகளில் இரண்டாவதன் மேல் விரலை வைத்தார். இங்கிருந்து விமானம் ஏறுபவருக்கு, ஏறும் நாளில், கடவுச்சீட்டையும் புறப்பாட்டு அட்டையையும் காட்டினால் மட்டுமே பொருள் தரப்படும்.

திரும்பும் ரயிலில் நாங்கள் அதிகம் பேசவில்லை. "விட்டுவிடலாம் டீச்சர்" என்று ஒருமுறை சொன்னார். அறுபத்திரண்டாயிரம் ரூபாய்ப் பொருள், பிள்ளை முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அன்றிரவு விமான நிறுவனத்தோடு ஒன்றரை மணி நேரம் தொலைபேசியில் பேசி, அவர் ஒருவரின் பயணத்தை மட்டும் காசாபிளாங்காவிலிருந்து தொடங்குமாறு மாற்றினோம். கட்டண வித்தியாசம் 27,400 ரூபாய். குழுச் சீட்டில் ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். முடியும். மேற்பார்வையாளரிடம் இணைப்பு கேளுங்கள், பிடிவாதமாகக் கேளுங்கள். கிளம்புமுன் அவரை அழைத்துக்கொண்டு போய் ரசீதை முன்னும் பின்னும் நகலெடுத்தேன். "பொருளைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொள்வார்களே, நகல் எதற்கு?" என்று கேட்டார். எதற்கென்று எனக்கும் தெரியாது. இனி ஒரு தாளையும் நகலில்லாமல் கைவிடுவதில்லை என்று மட்டும் இருந்தது.

வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில், பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் நடந்து வந்தபோது ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ பிரமுகர் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சென்னையில் இறங்கியதும் சுங்க அதிகாரி அதே சொல்லைக் கேட்டார். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய இந்தியா 2022 பிப்ரவரியிலேயே தடை போட்டுவிட்டது. இங்கே வாங்கி இங்கிருந்து எடுத்துப் போனது என்று சார் சொன்னார். அப்படியானால் போகும்போது இதை எடுத்துச் செல்கிறேன் என்று சுங்கத்தில் சான்று வாங்கியிருக்க வேண்டுமே, அது எங்கே? விலைப் பட்டியலாவது உண்டா? சான்று வாங்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. விலைப் பட்டியல் ஈரோட்டில் பீரோவுக்குள். சாரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கோப்பைத் திறந்தேன்.

அந்த நகலில் ட்ரோனின் வரிசை எண் இருந்தது. நாங்கள் மொராக்கோவில் கால் வைத்த தேதியும், எந்த விமானத்தில் வந்தோம் என்பதும், அந்த நேரத்தில் இந்தப் பொருள் அவருடைய பெட்டியில் இருந்தது என்பதும், இன்னொரு நாட்டுச் சுங்கத்துறையின் முத்திரையோடு இருந்தன. அதிகாரி தாளையும் கடவுச்சீட்டில் எங்கள் புறப்பாட்டு முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார், ட்ரோனைக் கவிழ்த்து வரிசை எண்ணை ஒப்பிட்டார், உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு, வைத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியைத் தள்ளினார்.

வெளியே வந்து வண்டிக்குக் காத்திருக்கையில், அந்த நகலைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று சார் கேட்டார். கொடுக்கவில்லை. அது என் கோப்பில்தான் இருக்கிறது.