நுவரெலியாவின் கொதிநீரும் கந்தகத்தின் 95.6 பாகையும்

கந்தகத்தின் இரு படிக வடிவங்களை உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, 95.6 பாகை செல்சியஸ் என்பதை மனனம் செய்ய வேண்டிய ஓர் எண்ணாகவே நான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அதற்குக் கீழே சாய்சதுரப் படிகம் நிலையானது. அதற்கு மேலே, உருகும் வரையில், ஊசி போன்ற ஒற்றைச்சரிவுப் படிகம் நிலையானது. இரண்டிலும் இருப்பது எட்டு அணுக்கள் சேர்ந்த அதே வளையந்தான். வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே வேறு.

நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் அந்த எண்ணின் அருமை புரிந்தது. சாய்சதுரக் கந்தகத் தூளுடன் சிறிதளவு ஊசிப் படிகங்களைக் கலந்து, ஒடுங்கிய கழுத்துடைய குடுவையிலிட்டு, டேர்பன்டைன் நிரப்பிக் கொதிநீரில் வைத்தோம். ஊசி வடிவத்துக்கு அடர்த்தி குறைவு. ஆகவே தூள் அவ்வடிவத்துக்கு மாறினால் கழுத்திலுள்ள திரவமட்டம் ஏற வேண்டும். சூடேறும்போது ஏறிய மட்டமோ, பிறகு மெல்ல இறங்கியது. அடைப்பான் கசிகிறது என்றே முதலில் நினைத்தேன். கொதிநீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அது 94 பாகையைக் காட்டியது.

ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைவதால், நீர் அவ்வளவில் கொதித்துவிடுகிறது. (சுமார் 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் கொதிநீர் ஏறக்குறைய அந்த 95.6 பாகையிலேயே நிற்கும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.) ஆனால் திண்மம் திண்மமாக மாறும்போது கனவளவு சிறிதே மாறுகிறது என்பதால், கந்தகத்தின் நிலைமாற்ற வெப்பநிலையை அதே அமுக்கக் குறைவு ஒரு பாகையின் நூறில் ஒரு பங்களவே அசைக்கிறது. நீரின் கொதிநிலை மலையேறினால் இறங்குகிறது. கந்தகத்தின் எல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

லீற்றருக்கு 200 கிராம் உப்பைக் கரைத்ததும் நீர் 97 பாகையைத் தாண்டிக் கொதித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாணவி ஒருத்தி கழுத்தில் பேனாவால் கோடிட, ஒவ்வொரு கோடும் முந்தியதற்குச் சற்று மேலே விழுந்தது.

நிலையற்ற வடிவம் உடனே மறைந்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, தெளிந்த மஞ்சள் ஊசியொன்றை அன்று மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அது அதே ஊசி வடிவத்தில்தான் கிடந்தது. ஆனால் ஒளி புகாமல் மங்கியிருந்தது, நகத்தால் தொட்டதும் நுண்ணிய சாய்சதுரப் படிகத் தூளாக உதிர்ந்தது.