அறுபது அடி ஓடியும் அடி விழுந்தது

டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முதன்முறை மாங்க் (வெறுங்கையால் குத்துகிற துறவி) எடுக்கிற பலரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். ஸ்பீடு கட்டத்தில், அதாவது என் முறை வரும்போது எத்தனை அடி நகரலாம் என்ற இடத்தில், எவ்வளவு பெரிய எண்ணை எழுத முடியும் என்று பார்த்தேன். நாங்கள் ஆடுவது 2014 விதிகள். என் கேரக்டர் வுட் எல்ஃப் இனம் என்பதால் ஆரம்பமே 35 அடி (மனிதனுக்கு 30, குள்ளனுக்கு 25). நாலாம் லெவலில் மொபைல் ஃபீட் (ஃபீட் என்பது கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிற திறமை) எடுத்ததில் இன்னொரு 10. ஆறாம் லெவலில், கவசம் போடாத மாங்க்குக்குக் கிடைக்கும் 15. ஆக மொத்தம் 60. கூட வருகிற ரேஞ்சர் லாங்ஸ்ட்ரைடர் மந்திரம் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 70. அப்புறம் ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன் இரண்டையும் டேஷுக்கே (ஸ்பீடு அளவு இன்னொரு முறை ஓடுவது) கொடுத்தால் ஒரே டர்னில், அதாவது 6 நொடியில், 210 அடி. மீட்டருக்கு மாற்றிப் பார்த்தால், 2009இல் உசைன் போல்ட் 9.58 நொடியில் 100 மீட்டர் ஓடினாரே, அந்தச் சராசரி வேகத்தைவிடச் சற்று அதிகம் வருகிறது. அன்றைக்கு அந்த கேரக்டர் ஷீட்டைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

அடுத்த ஆட்டத்திலேயே ஒரு ஓகர் (பெரிய அரக்கன்) வந்தது. 30 அடி தள்ளி நின்றிருந்தவன் ஓடிப்போய் ரெண்டு குத்து, ஒரு கீ (மாங்க்கின் சக்திப் புள்ளி) செலவழித்து போனஸ் ஆக்‌ஷனில் இன்னும் ரெண்டு குத்து, அப்படியே 30 அடி பின்வாங்கி பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். மொபைல் ஃபீட் இருப்பவன் யாரைத் தாக்கினானோ அவர் அந்த டர்ன் முடியும்வரை அவன்மேல் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவனுக்கு விழும் அடி) அடிக்க முடியாது, குத்து பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி. சுத்தமாகத் தப்பித்தாயிற்று என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் ஒன்றும் பேசவில்லை. ஓகர் பொம்மையை ஒவ்வொரு கட்டமாக ஆறு கட்டம் நகர்த்தி என் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தான். ஓகரின் ஸ்பீடு 40. நான் கஷ்டப்பட்டுப் பின்வாங்கிய தூரத்தை அது நடந்தே வந்துவிட்டது. ரெண்டு எட்டு முக டைஸ், கூட 4. வலித்தது.

சரி, அடுத்த டர்னில் குத்திவிட்டு முழுசாக 60 அடி ஓடினேன். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு லேசு என்பார்கள், ஓகருக்கு அந்தப் பழமொழி தெரியாது போல. எனக்கு வைத்தியம் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற கிளெரிக்கை ஓங்கி ஒன்று போட்டது. "நீ ஓடுவ, நான் வாங்கணும், நல்லா இருக்குடா உன் கேரக்டர்" என்றான் கிளெரிக்கை ஆடுகிறவன். பதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மாதிரி கேரக்டர் செய்கிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இதுதான். நான் ஓடுவதால் எதிரியின் அடி காணாமல் போவதில்லை, அது கைக்கு எட்டுகிற வேறு யார்மேலாவது விழும். மொத்தக் கூட்டமும் ஓடினால் ஒழிய, அடித்துவிட்டு ஓடுவது என்பது அடியை அடுத்தவன் தலைக்கு மாற்றிவிடுவதுதான். அந்த அடுத்தவன் தட்டுக் கவசம் போட்ட ஃபைட்டர் என்றால் பரவாயில்லை, நல்ல பரிமாற்றம். கிளெரிக் என்றால் அவன் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. தூரக் கணக்கும் நாம் நினைப்பதைவிடக் கறார். ஸ்பீடு 40 உள்ளவனிடம் போய் அடித்துவிட்டு அவன் கைக்கு எட்டாமல் திரும்ப வேண்டுமென்றால் போக 45, வர 45, ஒரே டர்னில் 90 அடி வேண்டும். ஒரு கீ கொடுத்து ஸ்டெப் ஆஃப் த விண்ட் போட்டு போனஸ் ஆக்‌ஷனில் டேஷ் செய்தால் எனக்கு 120 கிடைக்கும். ஆனால் ஆறாம் லெவல் மாங்க்கிடம் இருப்பதே ஆறு கீ, கூடுதல் ரெண்டு குத்தும் அதே கீயையும் அதே போனஸ் ஆக்‌ஷனையும்தான் கேட்கிறது. இத்தனையும் செய்து தள்ளிப்போய் நின்றால் ஓகர் ஈட்டியை எடுத்து எறியும், அது வேறு கதை.

அதனால் ஸ்பீடு எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போனஸ் ஆக்‌ஷன் எதற்குப் போகிறது, எங்கே போய் நிற்கப் போகிறேன் என்ற ரெண்டை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டம் மாறிவிட்டது. எதிரிக் கூட்டத்தில் எப்போதும் ஒருத்தன் பின்னால் பத்திரமாக நிற்பான், மந்திரவாதியோ பூசாரியோ. நம் ஃபைட்டர் அவனிடம் போய்ச் சேர மூன்று டர்ன் ஆகும், நான் ஒரே டர்னில் போவேன். அவன் ஏதாவது மந்திரத்தைக் கான்சன்ட்ரேஷனில் பிடித்துக்கொண்டிருந்தால் என் ஒவ்வொரு குத்துக்கும் அந்த மந்திரம் கலையாமலிருக்க அவன் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் டைஸ் உருட்ட வேண்டும், நாலு குத்து பட்டால் நாலு சேவ். ஐந்தாம் லெவலில், குத்தினவனை ஸ்தம்பிக்க வைக்கிற ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் வந்துவிடுகிறது. அங்கேயிருந்து ஓடி வருவதில்லை, அங்கேயே நிற்கிறேன். 60 அடி ஓடக்கூடியவன் ஓடாமல் நிற்பது முதலில் வீணாகத்தான் தோன்றும்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு ஒரு குகைக்குள் போனோம். தரையிலிருந்து எழும்பிய கல்தூண்கள், நான் வழக்கம்போல முன்னால் ஓடினேன், அதில் ஒரு தூணுக்குக் கண் திறந்தது. ரோப்பர் என்ற ஜந்து. அதன் கொடிகள் 50 அடிவரை எட்டும், பட்டால் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் ஸ்பீடு பூஜ்யம். 60 இருந்தாலும் 210 இருந்தாலும் பூஜ்யம்தான், டேஷ் போட்டாலும் பூஜ்யத்தோடு பூஜ்யம். திமிறிப் பார்க்க ஒரு முழு ஆக்‌ஷன், எண் 15 வர வேண்டும், எனக்கு வந்தது 9. அதன் டர்னில் 25 அடி இழுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஸ்பீடு 25 உள்ள குள்ளன், மெதுவாக நடந்து வந்து கோடாலியால் கொடியை வெட்டினான். டேபிளில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

எட்டாம் லெவலில் யோசிக்காமல் ஃபே டச்ட் ஃபீட் எடுத்தேன். விஸ்டம் ஒன்று கூடும், கூடவே மிஸ்டி ஸ்டெப், ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை இலவசமாக. வாயால் சொன்னால் போதும், கை கால் கட்டுண்டு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு 30 அடி தாவிவிடலாம். என்னைக் கேட்டால் ஸ்பீடில் இன்னொரு 10 அடி ஏற்றுவதைவிட இந்த ஒரு தாவல் மேல்.

கீ எண்ணுவதெல்லாம் தொல்லை என்பவர்களுக்கு ரோக் (திருடன் வகைக் கேரக்டர்) இருக்கிறது. ரெண்டாம் லெவலிலேயே கன்னிங் ஆக்‌ஷன் வந்துவிடும், போனஸ் ஆக்‌ஷனில் டேஷ், டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), ஹைட் (ஒளிவது), எத்தனை தடவை வேண்டுமானாலும், காசு பணம் கிடையாது. மூன்றாம் லெவலில் ஸ்வாஷ்பக்ளர் பிரிவை எடுத்தால் அடித்தவனிடமிருந்து சும்மாவே விலகலாம், மிச்சமாகிற போனஸ் ஆக்‌ஷனில் ரெண்டாவது கத்தியை வீசலாம். மொபைல் ஃபீட்டின் முக்கால்வாசிப் பலன் ஃபீட் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. ரொம்ப நேர்த்தியான வடிவமைப்பு, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

2024 விதிகளுக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொபைல் அங்கே ஸ்பீடி என்று பெயர் மாறி, விலகும்போது அடி விழாது என்பது போய், விழும் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது) என்று சுருங்கிவிட்டது. பதிலுக்கு மாங்க்குக்கு டேஷ், டிஸ்எங்கேஜ் இரண்டும் கீ இல்லாமலே போனஸ் ஆக்‌ஷனில் கிடைக்கிறது, ரெண்டையும் ஒன்றாகச் செய்யத்தான் செலவு. எனக்குத் தெரிந்து மாங்க்குக்கு இது லாபம்.

ஃபே டச்ட் எடுத்து ரெண்டு மாதம் ஆகிறது. இதுவரை யாரும் என்னைப் பிடிக்கவில்லை, மிஸ்டி ஸ்டெப்பை மதில் தாண்ட மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் எந்தக் குகைக்குள் போனாலும், அந்தக் குள்ளன் தலையில் அடித்துக்கொள்ள, ஒவ்வொரு கல்தூணுக்கும் முதலில் ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டுத்தான் ஓடுகிறேன்.