ஐந்தாம் பாகம்

சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நாமெல்லாம் ரங்கூனிலிருந்து கப்பலேறி 60 வருஷம் ஆகிறதாம், வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாராம், நான்தான் அவருக்குச் செல்லப்பிள்ளையாம். செல்லப்பிள்ளை என்று யார் கிளப்பிவிட்டது தெரியவில்லை. நம் செட்டில் மிஞ்சியிருக்கிற ஏழெட்டுப் பேரும் என்னை 'முடிசூட்டி' என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வந்த கதை சங்கத்து இளையவர்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் மழுப்பிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மா நாம் பாதியில் மூடிய புத்தகம் என்று போன மலரில் ஒருவர் உருகியிருந்தார். அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. நிஜமாகவே பாதியில் மூடிய புத்தகங்கள் என் அலமாரியில் ஏராளம். அதற்கே பதில் சொல்லி முடியவில்லை.

பள்ளிக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே இருந்த பீரோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாவி யாரிடம் இருக்கும், அதை வாங்க என்னென்ன செய்தோம் என்பதெல்லாம் இருக்கட்டும். மேல்தட்டில் ஐந்து பைண்டு வால்யூம்கள். கல்கியில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்தெடுத்துத் தைத்தவை. முகல் தெருவில் ஒரு ஆச்சி கொடுத்ததென்று சொல்வார்கள். ஊதாக் காலிகோ முதுகு, ராமபாணப் பூச்சி துளைத்த ஓரம், பக்கத்தைப் புரட்டினால் மாவுப்பசை வாசனை. நந்தினி பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பத்தியில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். நடுவில் சில வாரங்கள் இருக்காது. அந்த இடத்தில் ஆச்சி நீல மையில் 'இந்த வாரம் கப்பல் வரவில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார். கதைக்குள் அதுவும் ஓர் அத்தியாயம் என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் 'நான் படித்த நூல்' பேச என் முறை வந்தது 1963 மழைக்காலத்தில். எனக்குப் பதிமூன்று வயசு. மூன்று பாகம் முழுசாகப் படித்திருந்தேன், நாலாவதான மணிமகுடத்தில் கொஞ்சம். அதற்குமேல் ஓடவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. பூங்குழலி படகைவிட்டு இறங்கிவிட்டால் எனக்குக் கதையில் பிடிப்பு போய்விடும், அவ்வளவுதான். ஆனால் ஐந்து பாகமும் படித்ததாக வாத்தியாரிடம் பெயர் கொடுத்திருந்தேன்.

முடிவை ஊகிப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அருள்மொழிதான் ராஜராஜன், 985இல் பட்டத்துக்கு வந்தான் என்று வாத்தியாரே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். பிறகென்ன? மேடையேறி வெளுத்துக்கட்டினேன். ஆதித்த கரிகாலனைக் குத்தியது ரவிதாசன், அவன் தலையை வந்தியத்தேவன் வெட்டிக் கொண்டுவந்து குந்தவையின் காலடியில் வைத்தான், முரசு முழங்க அருள்மொழி முடிசூட்டிக்கொண்டான், சுபம். கைதட்டல்கூட வந்தது.

வாத்தியார் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஐந்தாம் பாகத்துக்குப் பேர் என்னடா?"

"தியாக சிகரம், ஐயா."

"யார், எதைத் தியாகம் பண்ணினது?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கைக்கு வந்த கிரீடத்தை அருள்மொழி தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் உத்தமசோழன் தலையில் வைத்துவிடுகிறான், கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, ராஜராஜன் பட்டம் ஏறியதெல்லாம் கதை முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவே இல்லை. இதெல்லாம் படித்தவனுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

"கல்கி நாலு வருஷம் எழுதினதை நாலே நிமிஷத்துல மாத்திட்டியேடா, முடிசூட்டி!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஐந்தாம் பாகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மணி அடிக்கும்வரை மேடையிலேயே நிற்கவைத்தார். பைண்டு வால்யூம் என்ன கனம் கனக்கும் தெரியுமா? சிறு பையன் சொன்ன பொய்க்கு அந்தத் தண்டனை அதிகம். அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்று அவருக்காக மலர் போடும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மணி அடித்ததும் பக்கத்தில் வந்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. முடியலைன்னா விட்டுடு. விட்ட இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுக் கொண்டா. பொய் மட்டும் சொல்லாதே," என்றார்.

கொண்டுபோனேன். ரோஷத்தில் திறக்கவே இல்லை.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பா சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடமும் போயிற்று. கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கமாயுட்டில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் பர்மாக்காரர். ஒரு தட்டில் லாபெட், அதுதான் அந்த ஊறவைத்த தேயிலை, வைத்துக் கொடுத்தார். வாத்தியார் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கட்டைவிரலால் சரசரவென்று தள்ளிப் பார்த்தார். கோட்டைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கோடு எங்கேயும் இல்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டு, "மெட்ராஸ்ல கிடைக்கும்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மெட்ராஸில் கிடைக்கத்தான் செய்தது, எந்த லெண்டிங் லைப்ரரியிலும். நான்தான் எடுக்கவில்லை. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கடை போட்டபின், கூட்டம் இல்லாத மதியங்களில் நிறையப் படித்தேன். மு.வ. சலித்துவிட்டார். அவருடைய பாத்திரங்கள் எல்லாரும் கடிதம் எழுதுவதுபோலவே பேசுகிறார்கள். அகல் விளக்குக்கு சாகித்ய அகாதெமி பரிசு கொடுத்திருக்கிறார்கள், எனக்கு நூறு பக்கத்துக்குமேல் தாங்கவில்லை. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டேன். அதில் யுத்தகால மெடானும் பினாங்கும் வருகின்றன. செட்டித்தெருப் பேச்சைப் படிக்கப் படிக்க ரங்கூன் வாடை தாங்காமல் மூடிவிடுவேன். அசோகமித்திரனை மட்டும் விட்டதில்லை. மனுஷன் யாரையும் அழவைக்க முயல்வதில்லை. ஒவ்வொன்றிலும், விட்ட இடத்தில் பென்சில் கோடு. பழக்கமாகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் பொன்னியின் செல்வன் படத்துக்குப் பேத்தி இழுத்துப் போனாள். இரண்டாவது படத்துக்கு இடைவேளையில் காபி குடிக்க வெளியே வந்தவன் உள்ளே போகவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 1981 வாக்கில் வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மெல்லிய நீலத்தாள், இரண்டு பக்கமும் பொடி எழுத்து. வீட்டு வாசலில் நாலைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாராம். ஒரே பாடப்புத்தகம், அதைப் பார்த்து மற்றவர்கள் கையால் எழுதிக்கொள்கிறார்களாம். புதிதாகத் தமிழில் என்ன வருகிறது என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'சர்மா பர்மா நடையைப் பற்றி எழுதிய புத்தகம் வந்துவிட்டதாமே, பார்த்தாயா?'

வெ. சாமிநாத சர்மாவை அவர் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். ரங்கூனில் இருந்துகொண்டு ஜோதி பத்திரிகை நடத்தியவர், பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று ஆரம்பித்தால் அந்தப் பீரியட் அவ்வளவுதான். 1942இல் குண்டு விழுந்து ஜனங்கள் இந்தியாவுக்கு நடந்தபோது சர்மாவும் மனைவியோடு நடந்தார். வாத்தியாரும் ஒன்பது வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, பிரோம் வரை போய்த் திரும்பியவர். அங்கிருந்து மற்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

புத்தகத்தை மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கினேன். பழுப்புக் காகிதம் சுற்றி, கமாயுட் விலாசத்தையும் எழுதியாயிற்று. அனுப்புமுன் ஒரு தடவை படித்துவிடலாமே, எப்படி இருந்தது என்று கேட்டால் இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லலாமே என்று உறையைப் பிரித்தேன்.

கடைக்கு ரெய்டு வந்தது. 1985இல் மூர் மார்க்கெட்டே எரிந்துபோயிற்று. பிறகு மூத்தவளுக்குக் கல்யாணம் வந்தது. முடித்ததும் அனுப்பலாம் என்று இருந்தேன். வாத்தியார் மறுபடி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. தொண்ணூறைத் தாண்டி இருந்தார் என்று செயலாளர் போனில் சொன்னபோது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாற்பது வருஷத்துக்குமேல் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். பழுப்புக் காகிதம் மடிப்பு மடிப்பாக உதிர்கிறது, விலாசம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. உள்ளே என் பென்சில் கோடு. அந்தப் பக்கத்தில் சர்மாவும் அவர் மனைவியும் இன்னும் பர்மாவைத் தாண்டவில்லை.