ஆல்ட்வர்த் போகிற வாரம்

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று அவனே கேட்டான், "மச்சான், பெல் இன் போகலாமாடா?" இங்கிலாந்தில், ஆல்ட்வர்த் கிராமத்தில் இருக்கிற பழைய பப் அது. ஸ்கேன், ஊசி தவிர அவன் வேறு எதையாவது பேசியே ரொம்ப நாளாகிறது. தீபாவளி அன்றே போகலாம் என்றான். அது திங்கட்கிழமை, அங்கே விடுமுறை. சரி, சனிக்கிழமை.

அக்டோபர் 13, திங்கள்

ரிசல்ட் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தூக்கம் பிடிக்கவில்லை, அந்த பப்பையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நின்று குடிக்க நீளமான கவுண்டர் எல்லாம் கிடையாது, கண்ணாடிக் கதவு போட்ட சின்னத் திறப்பு வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், கழிப்பறைக்கு வெளியேதான் போக வேண்டும், சாப்பிடச் சூடான ரோல், சூப். மொபைலை எடுக்கக் கூடாது. பாரம்பரிய பீருக்காகப் பாடுபடுகிற கேம்ரா அமைப்பு 1990இல் இதை நாட்டின் சிறந்த பப் என்றது, திரும்ப 2019இலும் சொன்னது. நடுவில் யாரும் அதைப் புதுப்பிக்கிறேன் என்று கை வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது. எங்கள் பக்கம் பப் மூடினால் அடுத்த வருடம் அங்கே ஃப்ளாட் நிற்கிறது. இது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

நர்ஸிடம் கேட்டுவிட்டானாம், அரை பைண்ட் பீர் குடிக்கலாம். ஆனால் நாங்கள் உள்ளே இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால்? சனிக்கிழமை கூப்பிட மாட்டார்கள் என்கிறான். கூப்பிட்டால்?

அக்டோபர் 18, சனி

போய் வந்தோம். முன்பெல்லாம் கோரிங் ஸ்டேஷனில் இறங்கி, தேம்ஸைத் தாண்டி, ஸ்ட்ரீட்லி மேடு ஏறி நடந்தே போவோம், மூன்று மைலுக்கு மேல் இருக்கும். இன்று கார். அதனால் நானும் அரை பைண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவன் கணப்புப் பக்கம் உட்கார்ந்தான், ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. அங்கே ஒரு பழைய கடிகாரம், மணி முள் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிமிஷம் தெரியாம இருக்கறது நல்லாத்தான்டா இருக்கு" என்றான். ஏல் பீரை வாய்க்குள் வைத்து மெதுவாக விழுங்கினான், ஐஸ் போலக் குளிராத பீர் அவனுக்கு முதலில் பிடிக்காது, பிறகு அதைத் தவிர வேறு தொட மாட்டான். எதிரே இருந்த பெரியவர் மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார், அரைமணி நேரம் மூன்று பேரும் மழையையும் கோதுமையையும் பற்றியே பேசினோம். எவ்வளவு நல்ல அரைமணி நேரம்!

மதியம் மூடும் நேரம் வந்ததும் செயின்ட் மேரி சர்ச்சுக்குப் போனோம். 14ஆம் நூற்றாண்டுக் கல் உருவங்கள் ஒன்பது, டி லா பெச் குடும்பத்தார், ஊர்க்காரர்கள் ராட்சதர்கள் என்பார்கள், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் பலதின் கைகால் போய்விட்டது. இப்போது இல்லாத இன்னொரு உருவத்துக்கு 'எப்போதும் பயந்த ஜான்' என்று பெயர். சர்ச்சுக்கு உள்ளே புதைத்தாலும் வெளியே புதைத்தாலும் உயிர் சாத்தானுக்கு என்று ஒப்பந்தமாம், அதனால் சுவருக்குள் புதைக்கச் சொல்லித் தப்பித்தானாம். இந்தக் கதையை அவன் என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தான். "கெட்டிக்காரன்டா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று ரோலில் பாதியைக்கூட அவன் சாப்பிடவில்லை. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டான், வீட்டில் சாப்பிட்டிருப்பான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கூப்பிட்டுவிட்டார்கள். புதன்கிழமை நேரில் வரச் சொன்னார்களாம், கூட யாரையாவது அழைத்து வரலாம் என்றார்களாம். ஏன் கூட ஆள்? எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறான். அம்மாவிடம் ஊருக்குப் பேசும்போது குரல் மாறாமல் பேசினான், லட்டு செய்தோம் என்றுகூடப் பொய் சொன்னான். நல்ல செய்தி என்றால் புதன் சாயங்காலமே திரும்ப ஆல்ட்வர்த் போகலாம் என்கிறான். எப்படி இருந்தாலும் போகலாம் என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

லீவு போட்டாச்சு. அங்கே பார்க்கிங் கிடைக்காது, பஸ்ஸிலேயே போயிடலாம் என்கிறான், காலையில் அவன் வீட்டுக்கு நான் போய்விடுவேன்.