மாடியில் சான் மர்சானோ தக்காளி

ஆடிப்பட்டத்தில் எல்லோரும் விதைத்து முடித்தபோது நான் சும்மா இருந்துவிட்டு, புரட்டாசியில்தான் குழித்தட்டில் விதை போட்டேன். பகல் வெயில் 35 டிகிரியைத் தொட்டு, இரவும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். கோவையில் கார்த்திகை, மார்கழியில் பூக்கிற மாதிரி கணக்குப் பண்ணினால் அந்தத் தொல்லை இல்லை.

சான் மர்சானோ, இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் வெசூவியஸ் எரிமலை மண்ணில் விளைகிற பழைய ரகம். நிற்காமல் வளரும், ஆறடியைச் சுலபமாகத் தாண்டும். ஒரு பைக்கு ஒரு செடி, மேலே கம்பியிலிருந்து கயிறு, முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவது. இவ்வளவுதான் வேலை.

சோதனை முதல் கொத்திலேயே வந்தது. காயின் அடிப்பக்கம் கருத்து, அமுங்கி, தோல் மாதிரி ஆகிவிட்டது. நீளக் காய் ரகங்களுக்கு இது சகஜம். கேட்டவர்கள் எல்லோரும் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று முட்டை ஓடு போடச் சொன்னார்கள். ஓடு மட்கிச் சத்தாக மாற மாதக்கணக்காகும். அதற்குள் அந்தக் கொத்தே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருக்கத்தான் செய்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். கார்த்திகை மழை இரண்டு நாள் கொட்டி, நாலு நாள் காணாமல் போனதில் பை நனைவதும் காய்வதுமாக இருந்தது. அந்தக் காய்களைப் பறித்துப் போட்டுவிட்டு, காய்ந்த இலையால் தடிமனாக மூடாக்கு போட்டேன். மழை இல்லாத நாளில் காலையில் ஒரே அளவு தண்ணீர். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடாமல் இருக்க, மீனும் வெல்லமும் புளிக்கவைத்த உரமான மீன் அமிலத்தையும் நிறுத்தினேன். மூன்றாவது கொத்திலிருந்து காய் சுத்தமாக வந்தது.

பழத்தை நறுக்கினால் இரண்டே அறைதான். விதை கொஞ்சம், சாறு அதைவிடக் கொஞ்சம், மீதி எல்லாம் சதை. தொக்குக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. சீக்கிரமே சுருண்டு எண்ணெய் பிரிந்துவிடுகிறது. ரசத்துக்கு மட்டும் ஆகாது. புளிப்பு பத்தவில்லை என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அதற்கு நம் நாட்டுத் தக்காளியோ பெரியகுளத்து பி.கே.எம்.1 ரகமோ வேண்டும்.

வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) இல்லை என்பதால் விதை எடுக்கலாம். நன்றாகக் காய்த்த செடியில் நன்கு பழுத்ததாகப் பார்த்து, விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி நிழலில் உலர்த்தியிருக்கிறேன். அடுத்த புரட்டாசியில் பைகளில் பாதியில் இது, மீதியில் பி.கே.எம்.1.