நான்காவது தூண்

20.1.2025, திங்கள்

பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகிறது. கல்தச்சர் இன்றுதான் வந்தார். வீட்டை ஏறிட்டும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போனார். தொழுவம் இடிந்த நாள் முதல் அங்கே மூன்று கல்தூண்கள் புல்லில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் தலையையும் ஒரு கட்டை மேல் ஏற்றி வைக்கச் சொல்லி, சுத்தியலால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே போனார். மூன்றும் கணீரென்றன. "இவை போதும் தம்பி, இன்னும் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருக்கு எழுபத்தொன்று. என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் இன்னும் ஆள் இருக்கிறது.

எதற்காக இந்த வேலை என்பதை எழுதி வைக்கிறேன். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்திண்ணை 2023 டிசம்பர் 17 இரவு விழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழைதான். ஆனால் பழியை மழையின் மேல் மட்டும் போட முடியாது. பதினான்கு வருடத்துக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் கனமாகச் சிமெண்ட் பூசினார். பணம் கொடுத்தவன் நான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளே நின்றுபோன ஈரம் உத்திரத்தின் நுனிகளைத் தின்றது. திண்ணை கீழே வந்தபோது அந்த நுனிகள் ஊறிய கருப்பட்டிபோல் கையோடு வந்தன.

இந்த முறை சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. திண்ணைக்குப் பன்னிரண்டடி முகப்பு, ஏழடி அகலம், நான்கு கல்தூண், கல் கூரை.

24.1.2025, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து சுட்ட கிளிஞ்சல் வந்து இறங்கியது. கொல்லையில் வெட்டிய தொட்டியில் முதலில் தண்ணீர் நிரப்பினோம். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது கல்தச்சர் பெரியவரின் முதல் கட்டளை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விரட்டிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டினோம். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் தொட்டி முழுக்கக் கொதித்தது. அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதை இந்த வயதிலும் வாய் திறந்துதான் பார்த்தேன்.

நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் குறைந்தது பத்து நாள் ஊற வேண்டும். இன்னொரு பானையில் உடைத்த கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் ஊறுகின்றன. பழைய ஆட்களுக்குக் கருப்பட்டி ஏன் பிடித்தது என்று ரசாயனம் படித்த என் மகள் தொலைபேசியில் விளக்கினாள். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு இன்னும் அதிகமாகக் கரையுமாம். பெரியவரிடம் சொன்னேன். "அப்படியா? எறும்பு வராமல் மூடி வையுங்கள்" என்றார்.

31.1.2025, வெள்ளி

வானம் தோண்டியாயிற்று. அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். மூன்றடியில் சுக்கான் மண் தட்டியது, அதற்குக் கீழே போகத் தேவையில்லை. தேங்காய் உடைத்தோம். அத்தை ராகுகாலம் பார்த்ததில் ஒன்றரை மணி நேரம் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கூலியில் குறைக்கவில்லை.

6.2.2025, வியாழன்

இன்று நான் கட்டிய கல்லைப் பெரியவர் மூன்று முறை பிரித்துப் போட்டார்.

மேடைச் சுவருக்கு உடைகல். குவித்துக் கிடப்பதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து முகம் எது, படுக்கை எது என்று முடிவு செய்ய வேண்டும். முகம் தெருவைப் பார்க்கும், படுக்கை கீழே போகும். நான் அழகான முகமுள்ள கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, பலகைபோல் நிமிர்த்தி வைத்தேன். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். விழுந்தது. "கல் படுத்துக்கொண்டுதான் பாரம் சுமக்கும். நிறுத்தி வைத்தால் என்றைக்காவது படுக்கப் பார்க்கும்" என்றார்.

இரண்டாவது முறை மேல்வரி இடுக்கும் கீழ்வரி இடுக்கும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டன. மூன்றாவது முறை தவறு சாந்தில். கல் ஆடியது, ஒரு கரண்டி சாந்தை அடியில் திணித்து ஆட்டத்தை நிறுத்தினேன். அதற்குத்தான் அவர் உண்மையாகவே கோபப்பட்டார். முதலில் சாந்தில்லாமல் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேறு கல், அல்லது சில்லு கொடுத்து இறுக்கிய கல். ஆட்டம் நின்ற பிறகுதான் கல்லை எடுத்துவிட்டுச் சாந்து பரப்பி மறுபடி வைக்க வேண்டும். சாந்து பசை அல்ல, பாய். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மேடுபள்ளத்தைச் சமனாக்கிப் பாரத்தைப் பரவலாக இறக்க மட்டுமே அது இருக்கிறது. பசை என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். சிமெண்ட் கற்றுக்கொடுத்த நினைப்பு.

மணல் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. நன்றாகச் சுட்ட செங்கலைப் பொடித்த சுர்க்கியும் கொஞ்சம் சேருகிறது. வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகும். செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலேயும் இறுகும். அரைப்பதற்குச் செக்கு இல்லை. ஊரில் கடைசியாக இருந்த சுண்ணாம்புச் செக்கின் கல் சக்கரம் இன்று பஸ் நிறுத்தத்தில் இருக்கையாகப் பயன்படுகிறது. இரண்டு சித்தாள்கள் உலக்கையால் இடித்தார்கள். மூத்தவரிடம் சாந்து பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றது. உடனே ஓர் உதறு, முழுதாக வழுக்கி விழுந்தது.

ஒரு முழத்துக்கு ஒரு கல், சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே நீள வேண்டும். அது இல்லாத சுவர் நடுவில் பிளந்து இரண்டு சுவராக நிற்கும்.

11.2.2025, செவ்வாய். தைப்பூசம்

வேலை இல்லை. திருநெல்வேலிக்குப் போய்க் குறுக்குத்துறை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். பெரியவரும் வந்திருந்தார்.

ஆற்றுக்கு நடுவே இருக்கிற கோயில். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கும். 2023-இலும் மூழ்கியது. என் திண்ணை விழுந்த அதே வெள்ளம்! தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டு மறுபடி விளக்கேற்றினார்கள். மண்டபத் தூண்களின் இணைப்பைப் பெரியவர் விரலால் தடவிக் காட்டினார். இடுக்கில் என் நகம்கூட நுழையவில்லை. தூணின் தலையில் குறுக்காக உட்காரும் கட்டைக்கல் போதிகை, போதிகையின் மேல் உத்திரம், அதன் மேல் கூரையாகப் பரப்பும் பாவுகல். ஒவ்வொன்றும் தன் கனத்தால் கீழே உள்ளதை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

தூண்கள் ஏன் இத்தனை நெருக்கம் என்று கேட்டேன். கோயில்களில் சாமியை மறைக்கிறதே என்பது என் நெடுநாள் குறை. கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நீள உத்திரம் போட்டால் அடிவயிற்றில் விரிசல் விழும். அதனால்தான் தூணை நெருக்கி வைத்தார்கள், போதிகையை இரண்டு பக்கமும் கைபோல் நீட்டி இடைவெளியை இன்னும் குறைத்தார்கள். அலங்காரம் என்று நான் நினைத்த போதிகையின் வாழைப்பூ முனைக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

திரும்பும்போது சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. 1843-இல் கட்டி முடித்த பாலம். வழக்கமாக நெரிசலைத் திட்டுவேன். இன்று திட்டவில்லை.

15.2.2025, சனி

கல்குவாரியிலிருந்து நான்காவது தூண் வந்தது. எந்திரத்தில் அறுத்தது, எட்டடி நீளம், முக்காலடி சதுரம். கன அடிக்கு 75 கிலோ என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 340 கிலோ. கண்ணாடிபோல் வழவழப்பு. மற்ற மூன்றோடு பொருந்த நான்கு முகத்தையும் உளியால் பொளிந்து சொரசொரப்பாக்க வேண்டும், அப்போதுதான் சாந்தும் பிடிக்கும் என்று பெரியவர் துருத்தியை மூட்டி உளிகளைக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டார். நீல நிறம் ஏறும்போது தண்ணீரில் வைக்க வேண்டும். நேரம் தப்பினால் முனை மழுங்கும் அல்லது உடையும்.

ஒரு முகம் முடியுமுன்னே நிறுத்திவிட்டார். தட்டினார். மேல்பாதி கணீரென்றது, நடுவில் ஒரு சாண் தூரம் மட்டும் 'தொப்'. தண்ணீர் தெளித்துத் துடைத்தார். முகம் முழுவதும் காய்ந்த பிறகும் தலைமுடி அளவில் ஒரு கோடு ஈரமாகவே நின்றது. விரிசல்.

குவாரியில் கேட்டேன். ஏற்றிவிட்ட கல்லைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். "அண்ணாச்சி, நிற்கிற தூணுக்கு அமுக்கம்தானே? அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்.

19.2.2025, புதன்

மூன்று நாள் ஆள் வரவில்லை. இன்று காலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வயல் கிணற்றில் ஒரு கல் இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

எங்கள் வயல் கிணற்றில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைத் தாங்கிய கல்தூண்கள், கமலைக்கால்கள், இரண்டு இருந்தன. ஒன்று கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மற்றது பம்ப்செட் வந்த நாளிலிருந்து ஓணான் ஏறுவதற்காக நிற்கிறது. மாடுகள் பின்னுக்கு நடந்து தண்ணீர் மொள்ளும் கூனையை இறக்குவதையும், முன்னுக்கு நடந்தால் தோல் குழாயான தும்பி வாய் திறந்து வாய்க்காலில் தண்ணீர் கொட்டுவதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தாத்தா வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். வடம் ஓடிய உருளையின் அச்சைத் தாங்கிய துளை கல்லின் தலைப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது, உள்விளிம்பு தேய்ந்து எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது.

பெரியவர் தட்டினார். மூன்று தொழுவத்துக் கல்லையும்விட இது நீளமாக ஒலித்தது. "இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை?" என்றார். எனக்கே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தூண் என்றால் வாங்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அத்தைக்குச் சம்மதமில்லை. கிணற்றுமேட்டுக் கல்லை வீட்டு வாசலில் யாராவது நிறுத்துவார்களா என்று மதியம் சாப்பிடாமல் இருந்தாள். குவாரிக் கல் விரிசலில் இரண்டாகி, வாசல்படி ஆகப் போகிறது.

24.2.2025, திங்கள்

தூண் நிறுத்தினோம். பனங்கட்டை உருளைகள் மேல் தள்ளிக்கொண்டு வந்து, குழியின் விளிம்பில் அடியை முட்டுக் கொடுத்து, மூன்று திசையில் வடம் இழுக்க ஏழு பேர். முதல் மூன்றும் ஆளுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டன. கையால் கொத்திய கல்லில் எந்த முகமும் நேராக இருக்காது என்பதால் தூக்குக்குண்டை முகத்தில் வைப்பதில்லை. மேலும் கீழும் நடுப்புள்ளி குறித்து, அந்தக் கோட்டில் பார்க்கிறார்கள். நேர் வந்ததும் நான்கு பக்கமும் கருங்கல் சில்லை இறுக்கி, அதன் பிறகு சாந்து. சாந்து இறுகும்வரை பாரம் சில்லின் மேல்.

கமலைக்கால் மட்டும் பிற்பகல் முழுவதையும் தின்றது. அதன் ஒரு பக்கம் பருத்தது, நடு எது என்பதிலேயே தகராறு. துளை எந்தப் பக்கம் என்று பெரியவர் கேட்டார். சுவர்ப் பக்கம் திருப்பினால் அத்தை சாப்பிடுவாள். தெருப் பக்கம் என்றேன்.

4.3.2025, செவ்வாய்

பாவுகல் எட்டு, ஒவ்வொன்றும் ஏழடிக்கு ஒன்றரை அடி, ஐந்து அங்குலக் கனம். எட்டும் சேர்ந்து இரண்டரை டன்னுக்கு மேல். சந்துக்குள் கிரேன் வராது. மண்மேடு போட்டுச் சாய்வில் ஏற்றலாம் என்றார் பெரியவர். அதற்கு வேண்டிய ஆளும் மண்ணும் என்னிடம் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பாரம் தூக்கும் முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு வந்தன. மரபு, மரபு என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் பேசியவன் நான்! பெரியவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. கருவியைத் தடவிப் பார்த்து, இது முப்பது வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என் இடுப்பு நன்றாக இருந்திருக்கும் என்றார்.

ஐந்தாவது கல் இறங்கும்போது என் இடது மோதிரவிரல் நகம் போனது. மேலே எழுத ஒன்றுமில்லை.

11.3.2025, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். பதினொரு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது. பாவுகல் இடுக்கில் சுர்க்கிச் சாந்து வைத்து ஐந்து நாள்தான் ஆகிறது. மேல்தளத்துக் காரை இன்னும் போடவில்லை. ஒரு சாக்கை விரித்துத் திண்ணையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை அங்குல வாட்டம் வேலை செய்கிறது, தண்ணீர் தெருப் பக்கம் தாரையாக விழுகிறது. மூன்றாவது, நான்காவது கல்லுக்கு நடுவே மட்டும் சொட்டு. அத்தை ஒரு செம்பைக் கொண்டுவந்து அதற்கு நேராக வைத்துவிட்டு, கமலைக்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கிணற்றுமேட்டுக் கல் பற்றிப் பேச்சில்லை.

பெரியவருக்குப் போன் செய்தேன். காரை போட்டால் நின்றுவிடும், நாளை மறுநாள் வருகிறேன், அதுவரை வெயில் அடித்தால் இடுக்கில் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள் என்றார். தூணடியில் சாந்தை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முதல் மூன்றும் கீறவில்லை. நான்காவதில் இன்னும் லேசாகப் பொடி வருகிறது.