மித்தி ஆற்றின் போக்கில்: பொவாயிலிருந்து மாஹிம் வரை

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு துளசி ஏரியில் தேங்கி, அது நிரம்பியதும் விஹார் ஏரிக்குள் இறங்கி, விஹாரும் நிரம்பிய பிறகு மித்தி ஆறாக வெளியேறுகிறது. சற்றுக் கீழே பொவாய் ஏரியின் உபரி நீரும் அதனுடன் கலக்கிறது. விஹார் மும்பையின் குடிநீருக்காக 1860 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. துளசி 1879-இலும் பொவாய் 1891-இலும் வந்தன. ஆகவே ஏரிகள் வழியும் சில வாரங்களில்தான் இந்த ஆற்றில் மலைநீர் பெருகி ஓடுகிறது. மற்ற மாதங்களில் ஓடுவதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவுநீரே.

அந்த வாரங்களில் ஒரு ஞாயிறன்று, தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டிலிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியுடன் புறப்பட்டேன். விஹார் கரைக்குப் பொதுமக்களை விடுவதில்லை என்பதால் பொவாய்க்குச் சென்றோம். பொவாய் நீர் குடிக்க உகந்ததல்ல. ஆரே பால் குடியிருப்புக்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் போகிறது. அணையைத் தாண்டி விழும் நீரைக் கண்ட அண்ணாச்சி, “நம்ம ஊர்க் குளம் மறுகால் பாயுற மாதிரில்லா இருக்கு தம்பி” என்றார். பிறகு அவரே, “அங்க மறுகால் தண்ணி அடுத்த குளத்துக்குப் போவும். இங்க எங்க போவுது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதாகவே மீதிப் பயணம் அமைந்தது. துளசிக்குக் கீழே விஹார் இருக்கிறது. விஹாருக்குக் கீழே நீரை ஏந்திக்கொள்ள இன்னொரு ஏரி இல்லை. சுமார் 18 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு ஆரே, மரோல், சாக்கி நாக்கா வழியாக இறங்கி, விமான நிலையத்தருகே செங்குத்தாக வளைக்கப்பட்டு, ஓடுபாதைக்கு அடியிலும் நுழைந்து குர்லாவை அடைகிறது. அதன் பிறகு சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றத்தின்போது மாஹிம் கழிமுகத்திலிருந்து உப்புநீர் எதிரேறி வருகிறது. முன்பு இந்தத் தாழ்நிலத்தின் சதுப்பும் அலையாத்திக் காடுமே அடுத்த குளத்தின் வேலையைச் செய்தன. அதில் பெரும்பகுதியை மேடாக்கித்தான் இன்றைய பாந்த்ரா-குர்லா வளாகம் என்னும் வணிகப் பகுதி எழுந்திருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து வியப்பவர்கள் அவற்றின் அடிமண்ணைப் பற்றி விசாரிப்பதில்லை.

2005 ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் விமான நிலையத்தை அடுத்த சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரின் தென்முனையான கொலாபாவிலோ சுமார் 73 மில்லிமீட்டர்தான். கனமழை மித்தியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் கொட்ட, கடலும் ஏற்றத்தில் இருந்ததால், வடிய வழியின்றி நீர் குர்லாவிலும் தாராவியிலும் பின்னோக்கிப் பரவியது. அதன் பின் ஆற்றை ஆழப்படுத்தினார்கள், அகலப்படுத்தினார்கள், கரைச்சுவர் எழுப்பினார்கள். இவை நீரை விரைவாகக் கடத்த உதவும். ஆனால் கடல் ஏற்றத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் நீர் தங்குவதற்கு, தாராவிக்கும் மாஹிமுக்கும் இடையே எஞ்சியிருக்கும் அலையாத்திக் காட்டைத் தவிர வேறு பெரிய இடம் எதையும் எங்கள் வழியில் நாங்கள் காணவில்லை.